ஒன்றரை அடி

...அதுக்காக, ஒரு கருத்து சொல்றதுக்கும் ஒரு நியாயம் வேணாமா சார்? நீங்களே சொல்லுங்க. இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க பாட்டுக்கு அந்தக் கம்பிய முறுக்குங்க. சுருதி சேக்கறப்ப பக்கத்துல சத்தம் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? பத்தொம்பது வருஷமா இந்த மேடையில கெடக்கறேன். பியானோவத் தள்ளி வைக்கறது, ஸ்டூல் போடறது, விளக்கத் தொடைக்கறது, எல்லாம் இந்தக் கைதான். ரெண்டே ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வாய மூடிக்கறேன்.

நேத்து நாலு மணிக்கே பையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டீங்க. இன்னைக்கும் வாசிக்கப் போறாங்களே அந்த அம்மா, அவங்க நேத்துக் கச்சேரிக்கு இருந்திருக்கணும் சார் நீங்க. இருந்திருந்தா... சரி விடுங்க. நல்லவேளை இல்ல.

இந்தா பாருங்க, நாப்பத்தி மூணு சீட்டு. வாசல்ல ஒரு பெட்டி வச்சிருக்கோமே, கச்சேரி பத்தி உங்க கருத்த எழுதிப் போடுங்கன்னு, அந்தப் பெட்டியில விழுந்தது. எப்பவும் ஏழு விழும், எட்டு விழும். அதுல ஆறு கழிவறை பத்தி. நேத்து நாப்பத்தி மூணு! மானேஜருக்குத் தலைகால் புரியல. "எல்லாத்தையும் அடுக்கி வைம்மா, சட்டம் போட்டு மாட்டலாம்"ங்கறாரு. அடுக்கிக்கிட்டுதான் இருக்கேன். படிச்சத எல்லாம் கவுத்துத்தான் வைக்கறேன்.

கேளுங்களேன் இத. "அவர் வாசிக்கவில்லை. தவம் செய்தார்." கீழ கையெழுத்து, தேதி, மணி எல்லாம் போட்டிருக்காரு, பத்திரம் எழுதற மாதிரி. இது இன்னொண்ணு, பல் டாக்டரு எழுதினது, நம்ம எதுத்த கட்டடத்துல இருக்காரே, அவரு. "தாடையை இறுகக் கடித்தபடி வாசித்தார். எத்தனை ஆழ்ந்த உணர்ச்சி!" கடிக்காம என்ன சார் செய்வாங்க? நீங்களா இருந்தாலும் கடிச்சிருப்பீங்க.

இது ஒரு புருஷன் பொண்டாட்டி, ஒரே சீட்டுல ரெண்டு கையெழுத்து. மேல பொண்டாட்டி எழுதியிருக்கு, "அழுதேன்." கீழ அவரு, "நிஜம். நான் சாட்சி." இதுல ஒண்ணும் குத்தமில்ல. நல்ல ஜோடி.

ஆனா அந்தப் பாட்டு டீச்சர் இருக்காங்க பாருங்க, பியானோ கிளாஸ் எடுக்கறவங்க, எட்டுப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து ரெண்டாவது வரிசையில வரிசையா உக்கார வச்சிருந்தாங்க. முடிஞ்சதும் வாசல்ல நிக்க வச்சு ஒரே பாடம். "பாத்தீங்களா? ஸ்டூல் நுனியில உக்காந்து, உடம்பு மொத்தமும் முன்னால குடுத்து, கைய நல்லா நீட்டி, கால எட்டி வச்சு... அப்படித்தான் வாசிக்கணும். நாளையிலேருந்து எல்லாரும் நுனியில உக்காரணும்." எட்டுப் பிள்ளைங்களும் தலைய ஆட்டுது. அதுல ஒண்ணு ரொம்பச் சின்னது சார், நடுவுல உக்காந்தாலே அதுக்குக் கால் தரைக்கு எட்டாது. நாளைக்கு நுனியில உக்காந்து பொத்துன்னு விழுந்தா அந்தப் பாவம் யாருக்கு?

ம்? என்ன 'டங்'ங்கறீங்க? ஆமா, அந்தக் கட்டைதான். நேத்து அதத்தான் போட்டு அடி அடின்னு அடிச்சாங்க. கம்பி இறங்கித்தான் இருக்கும்.

அந்த அம்மா வாசிச்சது எப்படின்னா... எல்லாரும் என்ன சொல்றாங்கன்னா, ஆரம்பிக்கறப்ப நிமிந்து, ராணி மாதிரி உக்காந்தாங்களாம். போகப் போக இசை அவங்கள இழுத்துக்கிச்சாம். ரெண்டாவது உருப்படியில லேசா முன்னால சாஞ்சாங்க. மூணாவதுல கை முழுசா நீண்டுருச்சு. நாலாவது முடிஞ்சு கைதட்டு வர்றதுக்குள்ள, ஸ்டூல சர்ருன்னு முன்னால இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. அதப் பாத்து முன் வரிசையில ஒருத்தர் "ஆஹா!"ன்னாரு. ஸ்டூல இழுத்ததுக்கு ஆஹா! கடைசி உருப்படியில பாதி நின்னுக்கிட்டே வாசிச்சாங்க. முடிஞ்சதும் சபையே எழுந்து நின்னுருச்சு. அவங்களும் நிக்கறாங்க, இவங்களும் நிக்கறாங்க.

பேப்பர்காரன் எழுதியிருக்கான் பாருங்க இன்னைக்கு. இருங்க, வெட்டி வச்சிருக்கேன். "இசை அவரை விட்டு விலகி விலகிச் செல்கிறது. அவர் அதை விடாமல் துரத்துகிறார். எட்டாத ஒன்றை எட்டிவிடத் துடிக்கும் மனித மனத்தின் போராட்டத்தை நேற்று கண்ணால் கண்டோம்."

கண்ணால கண்டானாம்! கண்ணால என்னத்தடா கண்ட? பியானோ நகந்துச்சுடா! அதான கண்ட!

...ஆமா சார். நகந்துச்சு. ஒரு அடி. ஒன்றரை அடின்னும் சொல்லலாம். அப்படியே வலது பக்கமா, நத்தை மாதிரி. அந்த அம்மா அடிக்கற அடிக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா. அவங்க துரத்தினது எட்டாத ஒண்ண இல்ல, இதோ இந்தப் பியானோவ. நானூறு பேரு உக்காந்திருக்காங்க சார். அத்தன பேருக்கும் படிப்பு, பதவி, கண்ணாடி. ஒருத்தருக்கும் தெரியல. எல்லாருக்கும் அது உணர்ச்சியாத் தெரியுது.

இல்ல, பொய் சொல்லக் கூடாது. ஒருத்தருக்குத் தெரிஞ்சுது.

முன் வரிசை ஓரத்துல ஒரு பெரியவர் வருவாரு, நிலம் அளக்கற ஆபீசுல இருந்து ஓய்வு பெத்தவரு. பேச மாட்டாரு, சிரிக்க மாட்டாரு, கைதட்டினாக்கூட எண்ணித்தான் தட்டுவாரு. அவரு காலையில ஒம்பது மணிக்கு வந்து மானேஜர் மேசையில ஒரு காகிதத்த விரிச்சாரு சார். வரைபடம்! மேடை, சுவர் விளக்கு, பியானோ, எல்லாம் ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு. "ஆரம்பத்துல பியானோவோட மூக்கு மூணாவது விளக்குக்கு நேரா இருந்தது. முடிவுல மூணுக்கும் நாலுக்கும் நடுவுல. ஒன்றரை அடி. அரை அங்குலம் முன்ன பின்ன இருக்கலாம்." கச்சேரி எப்படிங்க இருந்துச்சுன்னு மானேஜர் கேக்கறாரு. "அதான் சொன்னேனே, ஒன்றரை அடி"ங்கறாரு! அந்த மனுஷன் இசை கேக்க வரல சார், அளக்க வந்திருக்காரு.

மானேஜருக்கு முகம் சுண்டிப் போச்சு. தொண்டையக் கனச்சுக்கிட்டு, "அப்ப தரைதான் சாயுது. போன மாசம் புதுசாப் போட்ட தரை. கூப்பிடு அந்தக் கார்பென்டர"ன்னுட்டாரு. மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கு. இப்ப மணி என்ன? ரெண்டே முக்காலா? ஐயோ.

அந்தக் கார்பென்டர் யாருங்கறீங்க? கேக்கலையா? சரி, நானே சொல்லிடறேன். என் தங்கச்சி வீட்டுக்காரரு. இங்க எல்லாரும் 'ரசமட்டம்'னுதான் கூப்பிடுவாங்க. மட்டம் பாக்கற அந்தக் குச்சி இருக்கு பாருங்க, உள்ள ஒரு நீர்க்குமிழி ஓடுமே, அது எப்பவும் சட்டைப் பையில சொருகியிருக்கும். எங்க போனாலும் எடுத்து வச்சுப் பாப்பாரு. பொண்ணு பாக்க எங்க வீட்டுக்கு முத முதலா வந்தவரு, டீ குடிக்கறதுக்கு முன்னாடி அந்த மேசை மேல குச்சிய வச்சுப் பாத்தாரு சார். "இந்தக் கால் அரை நூல் அளவு கம்மி"ன்னாரு. எங்கப்பா வெறிச்சுன்னு பாத்தாரு. என் தங்கச்சி மட்டும் சிரிச்சா. அப்பவே நான் நெனச்சேன், இவ ஒரு முடிவுக்கு வந்துட்டான்னு.

நானும் அவரும் பேசி நாப்பது நாளாச்சு. ஏன்னா, தரை போட்டு வார்னிஷ் அடிச்சு விட்டிருந்தாரா, நான் தெரியாம பக்கெட்டோட குறுக்க நடந்துட்டேன். தெரியாமதான் சார்! ஒரு பலகைய மாட்டி, "ஈரம்"னு எழுதி வைக்கக் கூடாதா? ...எழுதித்தான் வச்சிருந்தாரு. நான் அதப் படிக்கறதுக்காகத்தான் கிட்டப் போனேன். பதினோரு காலடி. அத்தன பேரு முன்னாடி, "அக்கா, உங்களுக்குக் கண்ணு தலைக்குப் பின்னாலயா இருக்கு?"ன்னுட்டாரு. என்னையப் பாத்து! அன்னையிலேருந்து பேச்சு இல்ல. தங்கச்சி வீட்டுக்குப் போனாக்கூட, "அவர கொஞ்சம் நகரச் சொல்லு"ம்பேன். அவரு "போகச் சொல்லு, வழி இருக்கு"ம்பாரு. நடுவுல அவ கெடந்து முழிப்பா.

அதனால மானேஜரு "தரை சாயுது"ன்னதும் நான்... நான் என்ன சொன்னேன்னா, "நான் அப்பவே சொன்னேன் சார்"ன்னுட்டேன். அப்ப ஒண்ணும் சொல்லல. எப்ப சொன்னேன்? ஒரு பேச்சுக்கு வந்துருச்சு.

அதுக்கு அவரு, "மாடி வரிசைக்கும் தரை போட இவருக்குத்தான குடுத்திருக்கோம்? மேடையையே இப்படிச் சாய்ச்சு வச்சவருக்கு எப்படிக் குடுக்கறது? இன்னைக்கு வரட்டும், வேற ஆளப் பாத்துக்கறோம்னு சொல்லிடறேன்"ங்கறாரு. நான் அவ்வளவு தூரம் நெனைக்கல. ஒரு சின்னக் குட்டு விழட்டும்னுதான் நெனச்சேன்.

தங்கச்சி பதினோரு மணிக்கு போன் பண்றா. "அக்கா, அவரு ஒரு மாதிரி இருக்காருக்கா. சாப்பிடல. அந்தக் குச்சிய எடுத்து மூணு வாட்டித் துணியால தொடச்சிட்டாரு. வீட்டுத் தரை பூராவும் வச்சு வச்சுப் பாக்கறாரு. குச்சி பழுதான்னு பாக்கறாராம். என் கண்ணுல கோளாறாங்கறாரு. இருவத்தி ரெண்டு வருஷத்துல ஒரு ஆளு கூட என் தரை சாயுதுன்னு சொன்னதில்லையேங்கறாரு"ன்னு. "அடுப்புல பால் வச்சிருக்கேன்"ன்னு போன வச்சிட்டேன். இங்க ஏது சார் அடுப்பு? விளக்குக் கண்ணாடியக் கையில வச்சுக்கிட்டு நிக்கறேன்.

என்ன சார், குனிஞ்சு கீழ பாக்கறீங்க? கம்பி மேலதான இருக்கு? ...சக்கரமா. ஆமா, மூணு சக்கரம். ஆமா, மூணுலயும் பிரேக் இருக்கு. அதோ அந்தச் சின்னத் தகடு, கால் கட்டைவிரலால அமுக்கினா 'டக்'குன்னு விழும். விழுந்துதான இருக்கு? பாருங்க, நல்லாப் பாருங்க. மூணும் கெட்டியா விழுந்திருக்கு.

நேத்தா?

நேத்து... கேக்கறது நீங்க கேக்கறீங்க. மானேஜரும் இதத்தான் கேட்டாரு. "பிரேக்கெல்லாம் போட்டிருந்தல்ல?"ன்னு. என் வாய் இருக்கே, அது என்னைய ஒரு வார்த்தை கேக்காமலே "போட்டேன் சார்"னு சொல்லிருச்சு. நான் கூட அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தேன், யாருடா சொன்னதுன்னு.

சார், கொஞ்சம் அந்தக் கட்டைய அடிக்காம இருங்க. எனக்கு நெஞ்சுக்குள்ள அடிக்கற மாதிரி இருக்கு.

பத்தொம்பது வருஷத்துல ஒரு நாள் கூட நான் தவறினதில்ல சார். பியானோவ நிறுத்திட்டேன்னா வாய்விட்டு எண்ணுவேன். ஒண்ணு, டக். ரெண்டு, டக். மூணு, டக். மூணாவது டக் காதுல விழாம மேடைய விட்டு இறங்க மாட்டேன். என் கல்யாண நாள மறந்திருக்கேன், அடுப்ப அணைக்க மறந்திருக்கேன், இத மறந்ததில்ல. நேத்தும் போட்டேன். நீங்க போறப்ப போட்டுத்தான் இருந்துச்சு, பாத்தீங்கல்ல? அப்புறம் அஞ்சு மணிக்கு அந்த அம்மா வந்தாங்க. உக்காந்து பாத்துட்டு, விளக்கு வெளிச்சம் கட்டை மேல பளபளன்னு அடிக்குது, ஒரு ஜாண் தள்ளலாமான்னு கேட்டாங்க. மூணையும் எடுத்து விட்டேன். ஒரு ஜாண் தள்ளினேன். எழுந்து வந்து பாத்தாங்க. "ரொம்பச் சரியா இருக்கு. இவ்வளவு நிதானமா பியானோவ நகத்தற ஆள நான் பாத்ததே இல்ல"ன்னாங்க. சொல்லிட்டுக் கைய நீட்டினாங்க சார். எனக்கு! உலகமெல்லாம் போயி வாசிக்கற கை. நான் என் கையச் சட்டையில தொடச்சேன், திருப்பியும் தொடச்சேன், அப்புறம் குடுத்தேன். சூடா, கெட்டியா இருந்துச்சு. நம்ம கை மாதிரியேதான் காப்புக் காச்சிருந்துச்சு.

இத்தன வருஷத்துல எத்தன பேரு வாசிச்சிட்டுப் போயிருப்பாங்க? எல்லாரும் சபையப் பாத்துக் கும்புடுவாங்க. பியானோவத் தள்ளினவளுக்கு யாரு சார் கை குடுப்பா?

அவ்வளவுதான். நான் தரையில இல்ல. நேரா உள்ள ஓடினேன், தங்கச்சிக்கு போன் போட்டேன், "அடியேய், எனக்குக் கை குடுத்தாங்கடி"ன்னேன். ஒண்ணும் எண்ணல. ஒரு டக்கும் கேக்கல.

ரெண்டாவது உருப்படியிலதான் பாத்தேன். திரைக்கு ஓரத்துல நிக்கறேன். விளக்குக்கு நேரா இருந்த மூக்கு, விளக்கத் தாண்டிருச்சு. ஐயையோ, சக்கரம்! ஓடிப் போயிப் போட்டுறலாமான்னு இருந்துச்சு. மேடையில வெளிச்சம் விழுந்தாச்சுன்னா எங்க ஆளுங்க யாரும் கால் வைக்கக் கூடாது, அது இங்க சட்டம். கறுப்புச் சட்டைதான போட்டிருக்கோம், தவழ்ந்து போயிரலாமான்னு கூட நெனச்சேன். இடைவேளையும் இல்லாத கச்சேரி. ஒன்னேகால் மணி நேரம் சார். முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் இழுத்துப் பழைய இடத்துல விட்டுட்டு மூணையும் அமுக்கினேன். யாரும் பாக்கல. யாருக்கும் தெரியாது. நீங்க ஒருத்தருதான், இப்ப. நீங்களும் பேசற ஆள் இல்ல. அதனாலதான்...

அந்தா, வந்துட்டாங்க. மானேஜர் செருப்புச் சத்தம். கூட வர்றது அவருதான். சார், நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க, நான் பக்குவமா, சமயம் பாத்து... நாளைக்குக் கூடச் சொல்லலாம்...

பாருங்க, என்னையப் பாத்தும் பாக்காத மாதிரி போறாரு. முழங்கால் போட்டு உக்காந்துட்டாரு. குச்சிய வைக்கறாரு. குமிழி நடுவுல. பாத்தீங்களா, நடுவுல! அந்தப் பக்கம் வைக்கறாரு. நடுவுல. அங்கயும் நடுவுல. அப்படி இழைச்சுப் போட்ட தரை சார் அது, சும்மாவா? குறுக்கே நடந்தவ நான், எனக்குத் தெரியும்.

என்ன பண்றாரு? ஏன் பையத் தொறக்கறாரு? ...என்னது? "குமிழி பொய் சொல்லுது போல, பெரியவர் அளந்தது தப்பாகாது, நான் மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டுத் திரும்பப் போட்டுத் தரேன்"னா? அடப் பாவி மனுஷா!

மாப்ளே! மாப்ளே, கையெடுங்க! அந்தப் பலகையில கை வைக்காதீங்க! ஆமா, உங்களத்தான். உங்ககிட்டத்தான் பேசறேன். கடப்பாரையக் கீழ வைங்க முதல்ல. மானேஜர் சார், தரை சாயல சார். எந்தத் தரையும் சாயல. பிரேக் போடல. நான்தான். மூணுமே போடல. காலையில போட்டேன்னு சொன்னது பொய். நான் அப்பவே சொன்னேன்னதும் பொய். மாடி வரிசைய இவருக்கே குடுங்க, என்னைய என்ன வேணா செய்யுங்க. சட்டம் போட்டு மாட்டறதுன்னா அந்தப் பெரியவரோட வரைபடத்த மாட்டுங்க, அது ஒண்ணுதான் உண்மை. அந்த அம்மாகிட்ட யாரு சொல்றதா? நானே போயிச் சொல்றேன். அவங்க வந்ததும் போறேன். நீங்க வர வேணாம். கத்தறதா இருந்தா இன்னைக்குக் கச்சேரி முடிஞ்சு கத்துங்க சார், உங்களுக்கு ரத்தக் கொதிப்பு.

...போயிட்டாரு. கதவச் சாத்தின சாத்தப் பாருங்க.

வேணும்னா இவரக் கேளுங்க மாப்ளே, சுருதி சேக்கற சாருகிட்ட எல்லாத்தையும்... சார்? எங்க போனாரு? இப்ப இங்கதான இருந்தாரு? பையையும் காணோம்! ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? முக்கா மணி நேரமா மனுஷன்கிட்ட நெஞ்சத் தொறந்து பேசறேன்...

நீங்க என்ன சிரிக்கறீங்க? சிரிப்பா வருது? காலையிலேருந்து பட்டினி கெடந்துட்டுச் சிரிப்பு வேற. வாய மூடுங்க. சரி, சிரிங்க.

என்ன கேட்டீங்க? அந்த அம்மா எப்படி வாசிச்சாங்களா?

...நாப்பத்தி மூணு பேரு எழுதியிருக்காங்க மாப்ளே, நல்லாத்தான் வாசிச்சிருப்பாங்க. எனக்குத் தெரியாது. நான் அந்த மூணு சக்கரத்தையே பாத்துக்கிட்டு நின்னேனா, ஒன்னேகால் மணி நேரத்துல ஒரு சத்தம் என் காதுல விழல. பத்தடியில நின்னும் நான் ஒருத்திதான் கேக்கல. ஆறரைக்கு மறுபடி வாசிக்கறாங்க, தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்களேன். திரைக்கு ஓரத்துல மூணு பேரு நிக்கலாம். எப்படித்தான் வாசிக்கறாங்கன்னு இன்னைக்காவது கேப்போம்.